மாடிஃபைடு கார் வைத்திருந்தாலே ரேஸ்காரனா? மக்கள் ஏன் முறைக்கிறார்கள், போலீஸ் ஏன் நிறுத்துகிறது

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காரில் வீல், சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட் மூன்றையும் மாற்றியிருக்கிறார், தெருவில் ஒருநாளும் ரேஸ் விட்டதில்லை, ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள், போலீஸ் பார்த்ததும் ஓரங்கட்டச் சொல்கிறது. எவனோ செய்கிற தப்புக்கு நான் ஏன் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். தெரு ரேஸ் பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும் குற்றம். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஆளும் இருக்க மாட்டான், வண்டியும் இருக்காது. உங்கள் கார் நாள் முழுக்க ஊருக்குள் ஓடுகிறது, அதில் மாற்றிய பாகங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, காதுக்குக் கேட்கின்றன. ரேஸைப் பிடிக்க முடியாத இடத்தில் சட்டம் கைக்கு அகப்படுவதைப் பிடிக்கிறது. அந்தக் கைக்கு அகப்படுவது நீங்கள்.

முதலில் மக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போலீஸ் பெரும்பாலும் தானாகக் கிளம்புவதில்லை, யாராவது போன் செய்து சொல்லித்தான் கிளம்புகிறது. அந்தப் போன் பேசுகிறவருக்கு உங்கள் வீலின் ஆஃப்செட் என்ன, காயில்ஓவர் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்குத் தெரிந்தது சத்தம் ஒன்றுதான். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் படும். பகல் போக்குவரத்தில் இது கலந்து போய்விடும், இரவு இரண்டு மணிக்குக் கலந்து போக எதுவும் இருக்காது. பாரிஸில் ஒலி மாசை அளக்கும் புரூய்ட்பாரிஃப் என்ற அமைப்பு போட்ட ஒரு கணக்கு உண்டு: சைலன்சரைக் கழற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் நள்ளிரவில் நகரத்தைக் குறுக்கே கடந்தால் பத்தாயிரம் பேர் வரைக்கும் தூக்கம் கலையலாம். ஒரு வண்டி, ஒரு ஆள். அந்தப் பத்தாயிரம் பேரில் பத்துப் பேர் எரிச்சலில் கவுன்சிலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொன்னால் போதும், அடுத்த வாரம் அந்த வழியில் ஒரு செக்கிங் வந்துவிடும்.

சத்தத்திலும் எல்லாச் சத்தமும் ஒன்றில்லை. பெரிய எஞ்சின் சீராக உறுமிக்கொண்டு போனால் ஜனங்கள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட் பட்டென்று வெடிக்கிறதே, அதுதான் வம்பு. ஈசியூவில், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியில், பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சொல்லும் மேப்பை மாற்றி, கால் எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோலை விட்டு, தீப்பொறியை வேண்டுமென்றே தாமதமாக்கி, எரிய வேண்டியதை சிலிண்டருக்குள் எரியவிடாமல் எக்ஸாஸ்ட் குழாயில் எரிய வைப்பது. ரேலி கார்களில் டர்போ வேகம் குறையாமல் இருக்க இதற்கு நெருங்கிய ஒரு உத்தி உண்டு, அங்கே அதற்கு வேலை இருக்கிறது. சாலையில் ஓடும் காரில் இதனால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடுவதில்லை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் வெந்து போகும். மாடிஃபிகேஷன் என்ற கலைக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் இந்த ஒரு சாஃப்ட்வேர் வேலைக்கு இருக்கும் பங்கு வேறு எதற்கும் இல்லை என்பது என் எண்ணம். துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துப் போலீசுக்குப் போன் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது பயம். இது சத்தத்தைவிட ஆழமானது. 2016 பிப்ரவரி 1 நள்ளிரவு தாண்டி, பெர்லினின் நடு மையத்தில் குடாம் என்று அழைக்கப்படும் பெரிய கடைவீதியில் இரண்டு பேர் ரேஸ் விட்டார்கள். ஒரு ஆடி ஏ6, ஒரு மெர்சிடிஸ் ஏஎம்ஜி. சிவப்பு விளக்குகளைத் தாண்டி, மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல். பச்சை விளக்கில் சரியாகக் கடந்துகொண்டிருந்த ஜீப் ஒன்றில் மோதியதில் அதை ஓட்டிவந்த 69 வயதுக்காரர் இறந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் இரண்டு ஓட்டுநர்களுக்கும் கொலைத் தீர்ப்பு கொடுத்தது. விபத்து மரணம் என்றோ கவனக்குறைவு என்றோ சொல்லவில்லை, கொலை என்றே சொன்னது. மேல்முறையீட்டில் 2018இல் அது ரத்தாகி, மறுவிசாரணை நடந்து, கடைசியில் 2020இல் மோதிய காரை ஓட்டியவருக்கு மட்டும் கொலைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மற்றவருக்குப் பின்னால் கொலை முயற்சிக் குற்றத்துக்காக 13 ஆண்டு கிடைத்தது. இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2017 அக்டோபரில், தெரு ரேஸை அபராதக் குற்றத்திலிருந்து சிறைக் குற்றமாக மாற்றி ஜெர்மனி தனிப் பிரிவே கொண்டுவந்தது. யாரும் இறக்காவிட்டாலும் இரண்டு ஆண்டு வரை, உயிர் போனால் பத்து ஆண்டு வரை. எதிரில் இன்னொரு கார் இல்லாமல், தனி ஆளாகவே முடிந்த மட்டும் வேகம் எடுக்கப் பார்த்தாலும் அது ரேஸ் கணக்கில் சேரும்.

கவனித்தீர்களா, அந்த இரண்டு கார்களுமே பட்டறையில் பிரித்துக் கட்டிய கார்கள் இல்லை. ஷோரூமிலிருந்து அப்படியே 200ஐத் தாண்டும் வண்டிகள். ஜெர்மனியில் பிடிபடுகிற ரேஸ்காரர்களில் பலர் ஓட்டுவது வாடகைக்கு எடுத்த உயர்ரகக் கார். ஒரு பழைய ஹேட்ச்பேக்கை இரண்டு வருஷம் சேமித்துச் சேமித்து வீலும் பிரேக்கும் மாற்றுகிறவன் அதைச் சிவப்பு விளக்கில் விட்டு உடைக்க மாட்டான், அவனுக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கரே பெரிய கவலை. ஆனால் மறுநாள் செய்தியில் கேட்டதையும் தெருவில் பார்ப்பதையும் ஜனங்கள் சேர்த்து முடிச்சுப் போடும்போது, வாடகை மெர்சிடிஸ் சாதாரணமாகத் தெரிகிறது, தரையை உரசிக்கொண்டு போகும் உங்கள் ஹேட்ச்பேக்தான் சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிறது. 2001இல் தொடங்கிய ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் மாதிரி ஹாலிவுட் ரேஸ் படங்களும் இதில் பாதி வேலையைச் செய்து வைத்துவிட்டன, அதை விடுங்கள்.

சரி, போலீஸ் பக்கம் வருவோம். நானூறு மீட்டர் ரேஸ் ஒன்றைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இடத்தைக் கடைசி நிமிஷத்தில்தான் குரூப்பில் போடுகிறார்கள். இரண்டு முனையிலும் ஆள் நிறுத்துகிறார்கள். போலீஸ் விளக்கு தெரிந்ததும் எல்லோரும் நாலா பக்கமும் பிரிந்துவிடுகிறார்கள். துரத்தலாமே என்றால், துரத்துவதிலேயே சாவு விழக்கூடும் என்பதால் வன்முறை இல்லாத குற்றத்துக்குத் துரத்தக் கூடாது என்று பல நாட்டுக் காவல் துறைகள் தமக்குத் தாமே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அப்படியே பிடித்தாலும் "நான் என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவன் வேகமாகப் போனான்" என்று சொன்னால் இருவரும் சேர்ந்து போட்டியிட்டதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். (இப்போது இந்தக் கடைசிக் கஷ்டத்தை ரேஸ்காரர்களே தீர்த்து வைக்கிறார்கள், வீடியோ எடுத்துத் தாங்களே போட்டுவிடுகிறார்கள், நம்பர் பிளேட்டோடு.)

அதனால் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் பல நாடுகள் ஆளை விட்டுவிட்டு வண்டியைக் குறி வைக்கத் தொடங்கின. இங்கிலாந்தில் 2002இல் வந்த காவல் துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, கவனமில்லாமல் ஓட்டிப் பொதுமக்களுக்குத் தொந்தரவு கொடுக்கிற வண்டிக்கு முதலில் எச்சரிக்கை கொடுக்கலாம், 12 மாதத்துக்குள் மறுபடி நடந்தால் அங்கேயே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006இல் கொண்டுவந்தபோது முதல் தடவைக்கு 48 மணி நேரம் வண்டி முடக்கம், 2011இல் அதையே 30 நாள் ஆக்கினார்கள். இழுத்துப் போகிற செலவும் நிறுத்தி வைக்கிற வாடகையும் வண்டிக்காரர் தலையில். கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் வேக வரம்பை 50 கிலோமீட்டர் தாண்டினாலே ரேஸ், ஸ்டண்ட் கணக்கில் சேர்த்து, சாலை ஓரத்திலேயே லைசன்ஸையும் வண்டியையும் வாங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள், 2021இல் அதை இன்னும் இறுக்கினார்கள். நியூசிலாந்து 2009இல் ஒரு படி மேலே போய், திரும்பத் திரும்பப் பிடிபட்டால் காரை நசுக்கிவிடுவோம் என்றது. அதைக் கொண்டுவந்த அமைச்சருக்கு "நசுக்குகிறவர்" என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது, ஆனால் நிஜத்தில் நசுக்கிய கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், முதல் கார் நசுங்கவே 2012 ஆயிற்று.

நசுக்குவது தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும், 30 நாள் வண்டி இல்லாமல் பஸ்ஸில் வேலைக்குப் போவதுதான் இருபது வயதுக்காரனுக்கு உறைக்கும். இந்த வகைச் சட்டங்களில் எனக்கு ஒப்புதல் உண்டு, ஓட்டுகிற விதத்தைப் பார்த்து எடுக்கிற வரைக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அன்றிரவு ரேஸ் எதுவும் அகப்படாதபோது, வந்ததற்கு ஏதாவது எழுதிவிட்டுப் போக வேண்டும் என்ற நிலையில் கார் கூடியிருக்கும் பார்க்கிங்கில் போய் நிற்கிறார்களே, அங்கே.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. டார்ச் முதலில் விழுவது நம்பர் பிளேட்டில், பிறகு கண்ணாடி ஃபிலிமில், பிறகு வீல் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. விவரம் தெரிந்த அதிகாரியாக இருந்தால் குனிந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லி டயரின் உள் விளிம்பைப் பார்ப்பார். காரை அதிகமாக இறக்கி, கேம்பரை, அதாவது வீலின் சாய்வை, சரி செய்யாமல் விட்டிருந்தால் வெளியிலிருந்து டயர் புதிதாகத் தெரியும், உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்தபின் அவர் எழுதுகிற அபராதத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த டயர் மழையில் யாரையாவது கொன்றுவிடும்.

எக்ஸாஸ்ட் விஷயத்தில்தான் அநியாயம் அதிகம். நின்ற நிலையில் ஒலியை அளக்க உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே முறைதான்: குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து, எஞ்சினைக் குறிப்பிட்ட சுழற்சியில் நிலையாக நிறுத்தி, பிறகு காலை எடுக்க வேண்டும். சுற்றிலும் சுவரோ வேறு காரோ இருக்கக் கூடாது. இதைச் சாலை ஓரத்தில் இரவு பதினொரு மணிக்கு யார் செய்வார்கள்? பல இடங்களில் அதிகாரியின் காதுதான் மீட்டர். கலிபோர்னியாவில் கார்களுக்கு 95 டெசிபல் வரம்பு, முன்பெல்லாம் சரி செய்து காட்டினால் அபராதம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். 2019 ஜனவரியிலிருந்து எக்ஸாஸ்ட்டுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டதும், வரம்புக்குள் இருக்கும் எக்ஸாஸ்ட் வைத்திருந்தவர்கள்கூட அதை நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று. போலீஸ் மீது கார்க்காரர்களுக்கு இருக்கும் கசப்பில் பெரும்பங்கு இந்த மாதிரி இடங்களில் ஊறியதுதான், ரேஸைப் பிடித்ததால் வந்தது இல்லை.

போலீஸும் கார்க்காரர்களும் எப்போதுமே இப்படி எதிரும் புதிருமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தெற்குக் கலிபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து எஞ்சினை ஏற்றித் தெருவில் விட்ட பையன்களைப் பத்திரிகைகள் பிசாசுகளாக எழுதிக்கொண்டிருந்தன. அப்போதுதான் 1950இல் சாண்டா அனாவில் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கேட்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் ரேஸ்) நடத்தத் தொடங்கினார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் என்.எச்.ஆர்.ஏ. என்ற தேசியச் சங்கத்தை உருவாக்கினார், பையன்களைத் தெருவிலிருந்து அகற்றுவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு. அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ ரேஸ் 1953இல் பொமோனா பொருட்காட்சித் திடலின் பார்க்கிங்கில் நடந்தது. அடுத்த ஆண்டு ஊர் ஊராகப் போய் ரேஸைப் பத்திரமாக நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்கக் கிளம்பிய சங்கத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பட் கூன்ஸ், பொமோனா காவல் துறையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற டிராக் ரேஸின் வேரில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார்.

"அப்படியானால் ரேஸ் டிராக் (track) கட்டிக் கொடுங்கள், தெருவில் ரேஸ் நின்றுவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 1998இல் சான் டியேகோவில் ஸ்டேடியம் பார்க்கிங்கிலேயே முறையான ரேஸ் நடத்தும் திட்டம் தொடங்கியது, போலீஸ் நடவடிக்கையும் கூடவே இறுக்கப்பட்டது, இரண்டும் சேர்ந்துதான் பலன் தந்தன. ஆனால் டிராக்குக்குப் போனால் ஹெல்மெட், வண்டிச் சோதனை, வரிசையில் மூன்று மணி நேரம், ஓட்டம் பதினான்கு விநாடி. நேரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவனுக்கு இது சொர்க்கம். நாற்சந்தியை மறித்துக்கொண்டு டயரைப் புகைய விட்டு வட்டம் போடுகிறவனுக்கு இதில் ஒன்றுமே இல்லை, அவனுக்கு வேண்டியது கூட்டமும், படம் பிடிக்கிற போனும், தடையை மீறுகிற கிளர்ச்சியும். லாஸ் ஏஞ்சலஸில் 2022 ஜூலையில் புதிதாகத் திறந்த ஆறாம் தெருப் பாலத்தை இந்த வட்டக்காரர்கள் தொல்லையால் சில நாட்களிலேயே போலீஸ் மூட வேண்டி வந்ததே, அவர்களுக்கு டிராக் கட்டிக் கொடுத்தாலும் வர மாட்டார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் தீர்வுகள் பிசகுகின்றன.

டிராக்குக்கும் அக்கம்பக்கம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் லைம் ராக் என்று புகழ்பெற்ற ஒரு டிராக், அங்கே ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கிடையாது; 1950களின் கடைசியில் பக்கத்தில் இருந்தவர்கள் வழக்குப் போட்டு வாங்கிய தடை இன்றும் நிற்கிறது. 1957இல் திறந்த லகுனா சேகாவில் பெரும்பாலான நாட்களில் சுமார் 90 டெசிபல்தான் எல்லை, தாண்டினால் கொடி காட்டி வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். தெருவில் சத்தம் போடாதே டிராக்குக்குப் போ என்கிறார்கள், டிராக்கில் போட்டால் அங்கேயும் வீடு கட்டிக்கொண்டு வந்து புகார் கொடுக்கிறார்கள்.

எனக்குச் சரியாகப் படுகிற வழி ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே நீங்கள் வீலையோ ஸ்பிரிங்கையோ எக்ஸாஸ்ட்டையோ மாற்றலாம், தடையில்லை. ஆனால் அந்தப் பாகத்துக்கு ஒப்புதல் காகிதம் இருக்க வேண்டும், இல்லையென்றால் டூஃப் போன்ற ஒரு பரிசோதனை அமைப்பின் இன்ஜினியரிடம் காரைக் காட்டி, அவர் பார்த்து எழுதிக்கொடுத்ததை வண்டியின் ஆவணத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். போலீஸ் நிறுத்தினால் காகிதத்தை எடுத்து நீட்டினால் முடிந்தது. ஜப்பானும் 1995இல் தன் விதிகளைத் தளர்த்திப் பல பாகங்களை மாற்ற வழிவிட்டது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கடுமையான பரிசோதனையையும் விடவில்லை. இரண்டு நாட்டிலும் போலீஸ் தொல்லையே இல்லை என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் புனித வெள்ளி அன்று கார்க்காரர்கள் கூடுகிறார்கள் என்பதற்காகவே போலீஸ் தனிப்படை போட்டு மடக்குகிறார்கள், யோகோஹாமா பக்கம் டைகோகு பார்க்கிங்கில் கார்கள் நிரம்பினால் ஒலிபெருக்கியில் சொல்லி எல்லோரையும் கிளப்பிவிட்டு இடத்தையே மூடிவிடுகிறார்கள். ஆனாலும் எது சரி எது தப்பு என்பது அதிகாரியின் மூடைப் பொறுத்து மாறுவதில்லை. தடை என்று ஒரே வரியில் எழுதிவைத்த இடங்களில் நல்ல பட்டறையில் அளந்து மாட்டிய சஸ்பென்ஷனும், மரத்தடியில் ஸ்பிரிங்கை அறுத்து இறக்கிய காரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றேதான். அப்புறம் எவன் செலவு செய்து ஒழுங்காக மாட்டுவான்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பில், ஒப்புதல் எண் இருந்தால் அது, சஸ்பென்ஷனுக்குப் பிறகு செய்த அலைன்மென்ட் அறிக்கை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுப்பது அவர்களுக்கு மிகச் சுலபம், போலீஸ் அபராதமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கையை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், சட்டம் பேச வேண்டியிருந்தால் அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு பிறகு பேசலாம். எக்ஸாஸ்ட்டில் வால்வு இருந்தால் உங்கள் தெரு முனை வருவதற்கு முன்பே மூடிவிடுங்கள். காலையில் எஞ்சினைப் போட்டுவிட்டு வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் சூடாக விடுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், இன்றைய எஞ்சினுக்கு அது தேவையும் இல்லை, மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும்.

கார்க்காரர்கள் கூடும் கார் மீட்டுக்குப் (car meet) போகிறவராக இருந்தால் இன்னும் ஒன்று. நாலு மணி நேரம் நூறு கார் அமைதியாக நின்றதை எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கவனிக்க மாட்டார். முடிந்து கிளம்பும்போது வாசலில் கேமராவோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்து ஒருவன் வண்டியை உறும விட்டு, பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிக்கொண்டு போவான் பாருங்கள், அடுத்த மாதம் அந்த இடம் கிடைக்காமல் போவது அவனால்தான். நடத்துகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: வாசலில் இரண்டு பேரை நிறுத்துங்கள், அங்கே நின்று படம் எடுக்கவே விடாதீர்கள், ஆட்டுகிறவனின் நம்பரைக் குறித்துக்கொண்டு அடுத்த மீட்டுக்கு உள்ளே விடாதீர்கள். முன்கூட்டியே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் போய் தேதி, நேரம், பொறுப்பாளர் போன் நம்பர் மூன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் வந்து நிறுத்துவார்கள், ஆனால் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும், நூறு பேருக்கும் சேர்த்து அபராதச் சீட்டு எழுத வேண்டிய அவசியம் இருக்காது.